கணிப்பொறி அழவைக்குமா?

வைகாசி மாதம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழா. வடம் பிடிக்க ஊரே கூடி நிற்கிறது. நாகசுரக்காரர் மல்லாரி வாசிக்கத் தொடங்குகிறார். தவில் சேர்ந்துகொள்கிறது. மல்லாரியில் பாட்டு வரிகள் கிடையாது. பொருள் சொல்லும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தும் கேட்பவர்களின் முதுகு தானாக நிமிர்கிறது. ஏதோ ஒரு கம்பீரம் உள்ளே புகுந்துகொள்கிறது. வெளியே வர முடியாமல் வீட்டுக்குள் படுத்திருக்கும் பாட்டிக்கும், "சுவாமி புறப்பட்டுவிட்டார்" என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொரு காட்சியையும் நினைத்துப் பாருங்கள். இப்போது பல ஊர்க் கோயில்களில் மாலைப் பூசையின்போது மின்சார மேளம் ஒலிக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். மோட்டார் சுழலும், அதனுடன் இணைத்த கோல்கள் முரசையும் மணியையும் சேகண்டியையும் மாறி மாறி அடிக்கும். சத்தத்திற்குக் குறைவில்லை. தாளமும் தவறுவதில்லை. ஆனால் மின்சார மேளத்தைக் கேட்டு யாராவது தலையாட்டி ரசித்ததுண்டா?

இரண்டும் ஒலிதான். ஒன்று மனத்தைத் தொடுகிறது; மற்றொன்று காதைத் தொடுவதோடு நின்றுவிடுகிறது. ஏன்? இயந்திரத்திற்கு உணர்ச்சி இல்லை என்பதாலா? அல்லது, அந்த இயந்திரத்திற்கு யாரும் ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதாலா? கற்றுக்கொடுத்தால் ஓர் இயந்திரம் நம்மை மகிழவைக்குமா, அழவைக்குமா? விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன என்று பார்ப்போம்.

ஒலி எண்ணாக மாறுகிறது

மின்சார மேளத்திற்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். கணிப்பொறி அப்படியல்ல. அது கையாள்வது எண்களை. ஒலியை எண்களாக மாற்றிக் கொடுத்துவிட்டால் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாற்றம். அந்த அழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து குறித்துக்கொண்டே போனால் எண்களின் நீண்ட வரிசை கிடைக்கும். குறுந்தட்டில் ஒரு வினாடி இசைக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கும். இந்த எண்களைத் திரும்ப மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பழைய இசை அப்படியே கேட்கும். எண்களைப் பெருக்கினால் ஒலி உரக்கக் கேட்கும். புதிய எண்களை நாமே கணக்கிட்டு எழுதினால், உலகில் எந்த வாத்தியமும் எழுப்பாத ஓர் ஒலி பிறக்கும்.

1957-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியியலாளர் இதைத்தான் செய்தார். அவர் எழுதிய செயல்திட்டம் ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் 17 வினாடி நீளமுள்ள ஓர் இசைத் துணுக்கை உண்டாக்கியது. அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கணிப்பொறிகள் எளிய மெட்டுகளை ஒலித்ததுண்டு. ஆனால் இசையை முழுக்க முழுக்க எண்களாகக் கணக்கிட்டுப் படைக்கும் வழி மேத்யூஸ் காட்டிய வழியே.

நம் தமிழ்நாட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இளையராஜா கணிப்பொறி இசையைப் பயன்படுத்தியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் தொடக்ககாலக் கணிப்பொறி இசையில் ஒரு குறை இருந்தது. சுருதி பிசகவில்லை, தாளம் தப்பவில்லை, இருந்தும் கேட்கச் சலிப்பாக இருந்தது. நம் மின்சார மேளத்தின் கதைதான்!

வித்வானின் 'பிழைகள்'

இந்தச் சலிப்புக்குக் காரணம் தேடியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் நாட்டின் ஜோஹன் சுண்ட்பெர்க். ஸ்டாக்ஹோமில் உள்ள அரசுத் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த அவர், தம் குழுவில் லார்ஸ் ஃப்ரீடேன் என்ற வயலின் ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டார். கணிப்பொறியை மாணவனாகவும் வயலின் ஆசிரியரைக் குருவாகவும் வைத்து ஒரு பாடசாலை நடந்தது என்று சொல்லலாம். கணிப்பொறி வாசிக்கும்; குரு கேட்பார்; "இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், அந்தச் சுரத்தைக் கொஞ்சம் அழுத்த வேண்டும்" என்பார். விஞ்ஞானிகள் அதை ஒரு விதியாக எழுதிக் கணிப்பொறிக்குள் செலுத்துவார்கள். மறுபடி வாசிக்கும், மறுபடி திருத்தம்.

இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விதிகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. நல்ல வித்வான் ஏட்டில் உள்ளபடி வாசிப்பதே இல்லை! சம அளவு என்று எழுதிய இரண்டு சுரங்களில் ஒன்றைச் சற்று நீட்டுகிறார். மற்றதைச் சற்றுக் குறைக்கிறார். மேலே ஏறும்போது ஒலியைக் கூட்டுகிறார். ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் மெல்ல நிதானிக்கிறார். வினாடியில் நூறில் சில பங்கு வேறுபாடுதான். கடிகாரக் கணக்கில் இவை பிழைகள். கேட்பவர் மனத்திலோ இவைதான் உயிர்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பாட்டு முடியும்போது வேகம் படிப்படியாகக் குறைகிறதல்லவா? அது எந்தக் கணக்குப்படி குறைகிறது என்று ஆண்டர்ஸ் ஃப்ரீபெர்கும் சுண்ட்பெர்கும் ஆராய்ந்தார்கள். ஓடிக்கொண்டிருப்பவர் நிற்கும்போது அவருடைய வேகம் குறையும் விதத்தோடு அது பெரிதும் ஒத்திருந்தது. 1999-இல் இம்முடிவை வெளியிட்டார்கள். காதால் கேட்கும் இசையை நாம் ஏதோ ஒரு வகையில் உடலாலும் கேட்கிறோம் என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரே மெட்டு, ஆறு மனநிலை

அடுத்த கட்டத்திற்கு வருவோம். விதிகளை மாற்றினால் உணர்ச்சியும் மாறுமா?

2000-ஆம் ஆண்டில் ராபர்ட்டோ பிரேசின், ஃப்ரீபெர்க் இருவரும் இதைச் சோதித்தார்கள். ஸ்வீடன் நாட்டுக் குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டையும் இன்னொரு சிறு இசைத் துணுக்கையும் எடுத்துக்கொண்டார்கள். சுரங்களை மாற்றவில்லை. வேகம், ஒலியளவு, சுரங்களுக்கிடையே விடும் இடைவெளி, நிதானிக்கும் இடங்கள் ஆகியவற்றை மட்டும் கணிப்பொறி மாற்றியது. அச்சம், கோபம், மகிழ்ச்சி, சோகம், பெருமிதம், கனிவு என ஆறு மனநிலைகளில் அதே மெட்டு ஒலித்தது. கேட்டவர்களிடம், "இது எந்த உணர்ச்சி?" என்று வினவினார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை விடைகள் சரியாக இருக்குமோ, அதைவிட மிகுதியான விடைகள் சரியாக இருந்தன.

அந்தச் 'சமையல் குறிப்பு' ஏறத்தாழ இதுதான். மகிழ்ச்சிக்கு வேகம் கூட்டு, ஒலியைக் கூட்டு, சுரங்களைத் துண்டு துண்டாக உதிர்த்துவிடு. சோகத்திற்கு வேகம் குறை, ஒலியைத் தாழ்த்து, சுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி இழு. கோபத்திற்கு வேகமும் உரத்த ஒலியும் வேண்டும். ஒவ்வொரு சுரமும் அறைவதுபோலத் தொடங்க வேண்டும். அச்சத்திற்கு ஒலி மெல்லியதாக இருக்க வேண்டும். தாளம் தடுமாற வேண்டும்.

இப்பட்டியலைப் பார்த்ததும் தமிழ் படித்தவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது எண்ணிவைத்திருக்கிறது. உணர்ச்சி உள்ளத்தில் தோன்றினாலும் அது மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படும்போதுதான் பிறருக்குத் தெரியும் என்ற கருத்து அப்பெயரிலேயே இருக்கிறது. இன்றைய விஞ்ஞானமும் அதே இடத்திற்குத்தான் வருகிறது.

துக்கத்தில் இருப்பவர் எப்படிப் பேசுகிறார்? மெதுவாக, தாழ்ந்த குரலில், சொற்களை இழுத்து. கோபக்காரர் எப்படிப் பேசுகிறார்? உரக்க, படபடவென்று. பேச்சுக் குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசை வாசிப்பைப் பற்றிய 41 ஆய்வுகளையும் பேட்ரிக் யூஸ்லின், பெட்ரி லாவுக்கா இருவரும் 2003-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குரல் உணர்ச்சியைக் காட்டும் வழிகளும் இசை உணர்ச்சியைக் காட்டும் வழிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. வயலினும் நாகசுரமும் மனிதக் குரலின் சாயலைத் தாங்கி வருவதால்தான் நம் மனம் அவற்றுக்கு இசைகிறது என்று கருத இடமுண்டு.

ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசில் நாட்டுப் பழங்குடி மக்களின் இழவுப் பாடல்களை ஆராய்ந்த கிரெக் ஊர்பன் என்ற மானிடவியல் அறிஞர், அவற்றில் அழுகையின் நான்கு அடையாளங்களைக் கண்டார். விம்மலில் குரல் அறுபடுவது, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் குரல் எழுவது, குரல் கரகரப்பது, உச்சத்தில் குரல் மெலிந்து கீச்சிடுவது ஆகியவை அவை. பாகூரிலோ வில்லியனூரிலோ ஒப்பாரி வைக்கும் ஓர் ஆத்தாளின் குரலை நினைத்துப் பாருங்கள். இந்த நான்கையும் அடையாளம் காண அதிக நேரம் ஆகாது. கடல்களுக்கு அப்பால் இருப்பவர்கள்தாம். ஆனால் தொண்டை ஒன்றுதானே!

விரல் நுனியில் உணர்ச்சி

இசைக்கும் உடம்புக்கும் உள்ள உறவை வேறொரு வழியில் தேடியவர் மேன்ஃபிரட் கிளைன்ஸ். 1925-இல் வியன்னாவில் பிறந்தவர். விஞ்ஞானியாகவும் பியானோ கலைஞராகவும் விளங்கினார். ஒருவரை உட்காரவைத்து, "கோபத்தை நினைத்துக்கொண்டு இந்தப் பொத்தானை அழுத்துங்கள், இனி அன்பை நினைத்து அழுத்துங்கள்" என்பார். விரலின் அழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கருவி வரைந்து காட்டும். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் தனித்தனி வடிவம் உண்டென்று அவர் வாதிட்டார். 1977-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பிற்காலத்தில் இக்கருத்துகளைப் பயன்படுத்தி, கணிப்பொறி வாசிக்கும் இசைக்கு உயிரூட்டும் செயல்திட்டம் ஒன்றையும் உருவாக்கினார்.

பிற ஆய்வாளர்கள் கிளைன்ஸின் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது எல்லா இடத்திலும் அவர் சொன்ன முடிவு கிடைக்கவில்லை. விஞ்ஞானத்தில் இது இயல்பு. ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்த்து, நிற்பது நிற்கும், விழுவது விழும். ஆனால் உணர்ச்சிக்கும் அசைவின் வடிவத்திற்கும் தொடர்பு உண்டு என்ற அவருடைய அடிப்படைக் கேள்வி இன்றும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

நம் இசையின் தனிச் சிக்கல்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் மேல்நாட்டு இசையைப் பற்றியவை. நம் இசைக்கு அதே விதிகள் போதுமா? போதா. காரணம் கமகம்.

ஆதார சட்ஜத்தை வினாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் 360. சாதாரண காந்தாரம் 288. மேல்நாட்டு முறையில் தயாரான மின்னணு விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் ஏறத்தாழ 288-இல் ஓர் ஒலி நேர்க்கோடாக நிற்கும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும், அதாவது 256-க்கும் 320-க்கும் இடையில், அது ஊஞ்சல்போல் அசைகிறது. அந்த அசைவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தோடி அல்ல.

இன்னொரு சான்று பாருங்கள். பைரவி, முகாரி என்ற இரு ராகங்களும் கையாளும் சுரங்கள் ஒன்றே. இறங்குமுகமாகிய அவரோகணம் இரண்டுக்கும் ஒன்றே. இருந்தும் முகாரி என்றால் சோகம் என்பது கேட்டுப் பழகியவர்களின் எண்ணம். பைரவியை அப்படி யாரும் சொல்வதில்லை. சுரப் பட்டியலை மட்டும் அறிந்த கணிப்பொறிக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. சுரங்கள் வரும் வரிசை, எந்தச் சுரத்தில் தங்குவது, எதை எப்படி அசைப்பது ஆகியவற்றில்தான் ராகத்தின் முகம் இருக்கிறது.

இதைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முயன்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எம். சுப்பிரமணியன் என்பவர், சரிகமபதநி என்று தட்டச்சு செய்தால் கமகத்தோடு வாசிக்கும் 'காயகா' என்ற செயல்திட்டத்தை உருவாக்கினார். கருநாடக இசையைக் கணிப்பொறியில் படைப்பது பற்றி 1999-இல் சங்கீத நாடக அகாதெமியின் ஆய்விதழில் அவர் எழுதினார். பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் சுப்பிரமணியன், வீணை இசையை ஆராய்ந்து, கமகத்தை இரண்டு அடுக்குகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். ஒன்று மெதுவாக நகரும் மேடை; மற்றொன்று அதன்மேல் ஆடும் நடனம். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுச் சேர்த்தால் ஏட்டில் உள்ள சுரங்களிலிருந்து உயிருள்ள அசைவை நெருங்கலாம். 2013-இல் முடிந்த ஆய்வு இது.

இசையைக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. ஈழத்தைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரம் சொல்லும் பண்டைய யாழ்களை இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது. அவர் கையில் அன்று ஒரு கணிப்பொறி இருந்திருந்தால்!

பிற நாட்டார்க்கு நம் இசை புரியுமா?

நம் நாட்டு ராகங்களின் உணர்ச்சி, அவற்றை முன்பின் கேட்டிராதவர்களுக்குப் புரியுமா? கனடாவில் லாரா லீ பால்க்வில், வில்லியம் தாம்ப்சன் இருவரும் 1999-இல் இதை ஆராய்ந்தார்கள். இந்துஸ்தானி ராகங்களை மேல்நாட்டவர்கள் கேட்டு, அவற்றில் மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றைப் பெரும்பாலும் சரியாக உணர்ந்தார்கள். ஆனால் சாந்தத்தை அவர்களால் அப்படி அறிய முடியவில்லை.

2015-இல் அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தினர் மற்றொரு சோதனை செய்தார்கள். சரோது வாத்தியத்தில் வாசித்த 12 ராகங்களை 122 பேர் கேட்டார்கள். தாளமில்லாத ஆலாபனைப் பகுதி பொதுவாக அமைதியைத் தந்தது. அதே ராகம் தாளத்தோடு வந்தபோது, சில ராகங்கள் மகிழ்ச்சியையும் சில ராகங்கள் இறுக்கத்தையும் தந்தன. சுத்த ரிஷபம் எனப்படும் கீழ் ரிஷபம் உள்ள ராகங்களே இறுக்கத்தோடு அதிகம் தொடர்புபட்டிருந்தன.

ஆக, இசையின் உணர்ச்சியில் உலகுக்கெல்லாம் பொதுவான பகுதி ஒன்றும், வளர்ந்த ஊர் கற்றுக்கொடுக்கும் பகுதி ஒன்றும் இருக்கின்றன.

இரண்டாவது பகுதிக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. இழவு வீட்டில் அடிக்கும் பறையைக் கவனியுங்கள். வேகம் மிகுதி, ஒலி மிக உரத்தது, அடிகள் துள்ளி விழுகின்றன. மேலே சொன்ன ஸ்வீடன் நாட்டுச் சமையல் குறிப்பைக் கையில் வைத்திருக்கும் கணிப்பொறி இதைக் கேட்டால் 'மகிழ்ச்சி' என்றே எழுதிவைக்கும்! ஆனால் பாகூர் ஏரிக்கரையில் நாற்று நடும் ஒரு பெண்ணுக்குத் தூரத்தில் அந்த அடி கேட்டதும் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. "யார் வீட்டிலோ?" என்று மனம் பதைக்கிறது. அந்த உணர்ச்சி ஒலியலையில் இல்லை. அவள் வாழ்ந்த ஆண்டுகளில் இருக்கிறது.

இதனால்தான் விஞ்ஞானிகள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைக்கிறார்கள். 'இந்த இசை சோகமானது' என்று அறிவது ஒன்று. கேட்டு உண்மையிலேயே சோகமடைவது வேறு. முதலாவதைக் கணிப்பொறி ஓரளவு நன்றாகவே சாதித்துவிட்டது. இரண்டாவதற்குக் கேட்பவரின் பங்கு வேண்டும். கனடாவில் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை மூளைக்குள்ளேயே காட்டியது. தமக்கு மிகவும் பிடித்த, மயிர்க்கூச்செறிய வைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரந்தது. இசை உச்சத்தை அடைந்தபோது மட்டுமல்ல, 'இதோ வரப்போகிறது' என்று எதிர்பார்த்த நொடிகளிலும் சுரந்தது. எதிர்பார்ப்பு என்பது பழக்கத்தில் பிறப்பது. பழகாத இசையில் எதை எதிர்பார்ப்பது?

யார் கையில் திறவுகோல்?

இசையைக் கொண்டு மனத்தை அசைக்க முடியும் என்றால், அந்த ஆற்றலை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நன்மைக்கும் பயன்படுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கால் தடுமாறும், நடை குறுகும். அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழுவினர், தாளத்தை அழுத்திப் பதிந்த இசையை ஒலிநாடாவில் கொடுத்து, அதற்கேற்ப நடக்கச் சொன்னார்கள். மூன்று வாரப் பயிற்சியில் நடைவேகம் 25 சதவீதம் கூடியது. 1996-இல் வெளிவந்த செய்தி இது.

வேறு வகையிலும் பயன்படுகிறது. 1982-இல் ரொனால்டு மில்லிமன் ஒரு பெரிய அங்காடியில் சோதனை செய்தார். பின்னணியில் வேகமான இசை ஒலித்த நாட்களைவிட மெதுவான இசை ஒலித்த நாட்களில் விற்பனை 38 சதவீதம் கூடுதல். வாடிக்கையாளர்கள் நிதானமாக நடந்தார்கள், கூடுதலாக வாங்கினார்கள். இசை தம் கால்களையும் பணப்பையையும் ஆட்டிவைத்தது அவர்களுக்குத் தெரியாது!

இன்று 'சோகமான வயலின் இசை வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் கணிப்பொறியே இசையமைத்துத் தருகிறது. 2023-இல் கூகுள் நிறுவனத்தார் அறிவித்த இத்தகைய ஓர் ஏற்பாடு 2,80,000 மணி நேர இசையைக் கேட்டுப் பயின்றது. இங்கே விதிகளை யாரும் எழுதித் தருவதில்லை. கேட்டுக் கேட்டுக் கணிப்பொறியே கண்டுகொள்கிறது. கேட்டது எதுவோ அதுதான் அதற்குத் தெரியும். பதிவு செய்யப்படாத இசை அதற்கு இல்லாத இசை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் பின்பாட்டும், முகவீணையும், மாரியம்மன் திருவிழாப் பம்பையும், பாட்டிமார்களின் ஒப்பாரியும் யாரும் பதியாமல் போனால், நாளைய கணிப்பொறிக்கு 'சோகம்' என்றால் அயல்நாட்டு வயலின் மட்டுமே நினைவுக்கு வரும். அதையே கேட்டு வளரும் நம் குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

கருநாடக இசைக்கு இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. 2011-இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தொடங்கிய திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது. கருநாடக இசைப் பதிவுகள் ஆராய்ச்சிக்கு ஏற்றபடி தொகுக்கப்பட்டன. கிராமிய இசைக்கும் அது வேண்டும். பாடுகிறவரின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் ஊரையும் குறித்து, முறையாகப் பதிவது பள்ளி மாணவர்களாலும் முடிகிற காரியம்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

கையில் ஒரு சிறிய விசைப்பலகையோ, கைப்பேசியில் அதற்கான செயலியோ இருந்தால் போதும். எல்லோருக்கும் தெரியாத ஓர் எளிய மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு விதமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், அச்சம். சுரங்களை மாற்றாதீர்கள். வேகம், ஒலியளவு, இடைவெளி ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள்.

பத்து நண்பர்களை அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பதிவை மட்டும் போடுங்கள். எதை யாருக்குப் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒருவர் விடை மற்றவர் காதில் விழக்கூடாது. நான்கில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் சொன்னால் பத்தில் இரண்டு மூன்று விடைகள் சரியாக அமையலாம். ஆறு அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால்? ஊகத்தால் அப்படி நேர்வது நூற்றில் இரண்டு முறைதான். அப்போது உங்கள் வாசிப்பில் உணர்ச்சி இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

பிறகு, உங்கள் ஊர்த் திருவிழா மேளத்தைச் சிறிது பதிந்து, உங்கள் ஊர்க்காரர் ஐந்து பேருக்கும் வேற்றூர் நண்பர் ஐந்து பேருக்கும் போட்டுக் காட்டுங்கள். விடைகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று எழுதிவையுங்கள்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கணிப்பொறி அழவைக்குமா? வைக்கும். அதற்கான வழிகளில் பலவற்றை விஞ்ஞானம் கண்டுவிட்டது. ஆனால் எப்போது அழவைப்பது, எப்போது நிறுத்துவது என்பது அதற்குத் தெரியாது. தேரின் சக்கரம் பள்ளத்தில் சிக்கியதும் தவில்காரர் கூட்டத்தின் முகத்தைப் பார்க்கிறார், அடியை மாற்றுகிறார், வேகம் கூட்டுகிறார். வடம் பிடித்தவர்களின் தோள்கள் ஒன்றாக முறுக்கேறுகின்றன. தேர் அசைகிறது. அந்த முகங்களைப் பார்க்க ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். மேத்யூஸ் பிற்காலத்தில் உருவாக்கிய கருவியிலும் சுரங்களைக் கணிப்பொறியிடம் விட்டுவிட்டு, வேகத்தையும் ஒலியின் ஏற்றத்தாழ்வையும் மனிதன் கையில் பிடித்த கோலிடம்தான் ஒப்படைத்தார். கணிப்பொறி இசையின் தந்தை என்று போற்றப்படுபவரே அப்படிச் செய்தார் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.